பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஆளையே அனுப்புங்கள்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"ஐயாவுக்கு வணக்கம். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலிருந்து ஏழு கிலோமீற்றர் உள்ளுக்குத்தான் எங்கட ஊர். நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். போன கிழமை நடந்த கூட்டம் ஒன்றில், மாவட்டத்துக்குப் பொதுப் போக்குவரத்து ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப் போகினமாம், எங்கட பக்கத்து நாலு கிராமத்துக்கும் சேர்த்து மக்கள் பிரதிநிதி ஒருவரின் பெயரை இரண்டு கிழமைக்குள் தரட்டாம் என்று சொன்னார்கள். ஊரில் மூன்று பெயர் அடிபடுகுது. ஒருவர் இரண்டு வான் வைத்து ஓடுகிறவர். மற்றவர் ஓய்வுபெற்ற அதிபர். நல்ல மனிசன், ஆனால் மோட்டார் சைக்கிளில்தான் போய் வாறவர். மூன்றாவது என்னுடைய பெயர். நான் சாதாரண தரம் வரைக்கும்தான் படிச்சனான். பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் கதைச்சுப் பழக்கமில்லை. எங்களுக்குக் காலமை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். அதுவும் கிழமையில் இரண்டு நாள் வராது. நான் போய் பஸ் சாலை (டிப்போ) முகாமையாளரைக் கேள்வி கேட்டு, அந்தக் கோபத்தில் வாற பஸ்ஸும் நின்று போனால் ஊர் என்னைத்தான் திட்டும். உண்மையில் இப்பிடியான குழுக்களால் ஏதும் நடக்குமா? யாரை அனுப்பிறது, எப்பிடித் தெரிவு செய்யிறது? வேற நாடுகளில் இப்பிடி இருக்கோ?"

தங்கச்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் போங்கள். உங்களுக்கு முடியாவிட்டால், உங்களைப் போல அந்தத் தரிப்பிடத்தில் நின்று களைத்த இன்னொருவரை அனுப்புங்கள். வான்காரர் வேண்டாம், அதிபர் ஐயாவும் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு, போக்குவரத்துத் திட்டமிடல் வேலையில் இருந்த காலத்தில் நான் இருந்து பார்த்த ஒரு கூட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த மாவட்டம், எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. நீள மேசை. ஒரு பக்கம் அதிகாரிகள், எதிர்ப்பக்கம் பஸ் உரிமையாளர்கள், மூலையில் பயணிகள் பிரதிநிதி என்று ஒரு பெரியவர். ஊரில் மதிப்பான மனிதர், சொந்த வாகனத்தில் வந்து இறங்குவார். வரவுப் பதிவில் கையெழுத்து வைப்பார், தேநீர் குடிப்பார், கேட்டால் "எங்கட பக்கம் பெரிசாப் பிரச்சினை ஒன்றும் இல்லை" என்பார். அன்றைக்கு, உட்பாதை ஒன்றில் ஓடும் பின்னேர பஸ்ஸை ஆள் குறைவு என்று சொல்லி நிறுத்தும் யோசனை வந்தது. தலைவர் அவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். கூட்டறிக்கையில் "பயணிகள் பிரதிநிதியின் இணக்கத்துடன்" என்று எழுதினார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வீடு திரும்புவது அந்த பஸ்ஸில்தான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. சில மாதம் கழித்து அந்தப் பாதையால் போனபோது, வெயிலுக்குப் புத்தகப் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நடந்து போவதைக் கண்டேன். அந்த வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

இப்படியான குழுக்களால் ஏதும் நடக்குமா என்று கேட்டீர்கள். நடக்கும், நல்லதும் நடக்கும், கெட்டதும் நடக்கும். அந்தக் கதிரை வெறுமையாக இருந்தால் "எங்களை யாரும் கேட்கவில்லை" என்று பிறகாவது வாதாடலாம். பிழையான ஆள் இருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அவருடைய கையெழுத்து ஊருக்கு எதிராகவே நிற்கும்.

வன்னிக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். 2012 குடிசன மதிப்பீட்டில் அங்கே கணக்கெடுத்த சனம் 92,000 அளவுதான். கொழும்பு மாவட்டம் 699 சதுர கிலோமீற்றர், சனம் 23 இலட்சம். அங்கே ஒரு தரிப்பிடத்தில் ஐந்து நிமிடத்தில் சேருகிற ஆட்கள் இங்கே ஒரு குளத்தைச் சுற்றியுள்ள மூன்று ஊரிலும் காலையிலிருந்து சேரமாட்டார்கள். ஆகவே ரிக்கற் காசை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் உங்கள் பாதை எப்போதும் நட்டப் பாதைதான். தனியார் உள்ளே வரமாட்டார், வந்தாலும் ஒட்டுசுட்டான் சந்தியோடு திருப்பிவிடுவார். இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு (இ.போ.ச.) பஸ் குறைவு, ஆள் குறைவு. ஒன்று பழுதானால் முதலில் வெட்டுவது உட்பாதைச் சேவையைத்தான், ஏனென்றால் அங்கே இருந்து சத்தம் வராது. அந்தச் சத்தம் வரவேண்டிய இடம் மாகாண சபை. மாகாணத்துக்குள் ஓடும் பயணிகள் சேவையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 1987 இன் 13ஆம் திருத்தத்தால் மாகாண சபைக்கு வந்தது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பின்னர் தேர்தல் இல்லை. பஸ் வரவில்லை என்று போய்க் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லாத காலத்தில், ஆலோசனைக் குழுவின் ஒரு கதிரைக்கு அதன் அளவை விடப் பெரிய பாரம் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி அந்த மூன்று பெயர். வான் வைத்திருப்பவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இரவில் பாம்பு கடித்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவது அவருடைய வானாகத்தான் இருக்கும். ஆனால் பஸ் ஒழுங்காக வந்தால் அவருக்கு ஓட்டம் குறையும். அவரை அந்த மேசையில் இருத்துவது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் நட்டம். வாகன உரிமையாளர்களுக்குத் தங்கள் சங்கம் இருக்கிறது, அவர்கள் அந்த வழியால் கதைக்கட்டும். அதிபர் ஐயாவை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். கடிதம் எழுத, சட்டம் வாசித்து விளங்கப்படுத்த, பக்கத்தில் இருந்து துணை செய்ய அவரைப் போல ஆள் கிடைக்காது. ஆனால் மழையில் குடையோடு நின்று, பஸ்ஸின் கண்ணாடியில் கைகாட்டிய சாரதி நிற்காமல் போனது அவருக்கு நடந்ததில்லை. கேள்வி வரும்போது அவர் நியாயமாகக் கதைப்பார். நீங்கள் நேரத்தைச் சொல்லிக் கதைப்பீர்கள். கூட்டத்தில் எடுபடுவது நேரம்.

கிராம அலுவலரின் பெயரை யாராவது சொன்னால் அதையும் தவிர்த்துவிடுங்கள். அவர் அரசாங்க உத்தியோகத்தர், இன்னொரு அரச நிறுவனத்தை மேசையில் வைத்துக் கேள்வி கேட்கும் நிலைமையில் அவரைத் தள்ளுவது சரியில்லை.

படிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் குழுவுக்கு வேண்டிய படிப்பு ஒரு கொப்பிக்குள் அடங்கும். சொல்கிறேன், நாளைக்கே தொடங்குங்கள்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். பக்கத்துக்கு ஆறு கோடு. திகதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், இ.போ.ச.வா தனியாரா, நின்றதா இல்லையா, ஏற முடியாமல் விடுபட்டவர்கள் எத்தனை பேர். அவ்வளவுதான். காலையில் பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளை ஒன்றிடம் கொடுங்கள், பின்னேரம் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுங்கள். பஸ் இலக்கம் தெரிந்தால் ஓரத்தில் எழுதட்டும். மழை, திருவிழா, பரீட்சை நாள் என்றால் அதையும் குறிக்கட்டும். நான் இப்படி ஒரு கொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பதினொராம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து. ஒரு வரியில் "6.50, நிற்கவில்லை, பின்னால வருது என்று கைகாட்டினார்" என்றும், அதற்குக் கீழே "7.25 வரை ஒன்றும் வரவில்லை, நடந்தோம்" என்றும் எழுதியிருந்தது. பள்ளிக்கூடம் தொடங்குவது ஏழரைக்கு. அந்த இரண்டு வரியை வாசித்த பிறகு "அந்தப் பாதையில் முறைப்பாடு இல்லை" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சாலையில் வைத்திருக்கும் ஓட்டப் பதிவிலே அந்த பஸ் ஒவ்வொரு நாளும் ஓடியதாகத்தான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் கதை மாறியது.

ஏன் நிற்காமல் போகிறது என்பதையும் அந்தக் கொப்பி காட்டித்தரும். இ.போ.ச. பஸ்ஸில் மாணவர்கள் பருவச்சீட்டில் போவார்கள், தனியார் பஸ்ஸில் அந்தச் சீசன் செல்லாது. ஆகவே பிள்ளைகள் இ.போ.ச. பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார்கள். பஸ்காரருக்கோ வெள்ளைச் சீருடை கூட்டமாகத் தெரிந்தால் கைக்காசு தரும் பயணிக்கு இடமில்லை என்று தோன்றும். இதைப் பிள்ளைகளோடும் நடத்துனரோடும் சண்டையாக ஆக்கினால் தீராது. சரியான கேள்வி வேறு. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் ஊடாகப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணத்தில் ஓடும் "சிசு செரிய" என்ற சேவை இருக்கிறது. நட்டம் என்று ஓடாத கிராமப் பாதைகளுக்கு அரசு மானியம் கொடுத்து ஓட்டுவிக்கும் "கெமி செரிய" என்ற திட்டமும் இருக்கிறது. "எங்கள் பாதையை இவற்றில் ஒன்றுக்குச் சிபாரிசு செய்யுங்கள்" என்று கொப்பியோடு போய்க் கேட்கும் பிரதிநிதிக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். "பஸ் விடுங்கோ" என்று மட்டும் கேட்டால் "பார்ப்பம்" என்பதோடு முடியும்.

அடுத்தது, யாரிடம் எதைக் கேட்பது என்ற விசயம். பிழையான கதவைத் தட்டி ஒரு வருடத்தை வீணாக்கிய பிரதிநிதிகளை நான் கண்டிருக்கிறேன். தரிப்பிடத்துக்குக் கூரை வேண்டும் என்று ஒரு சங்கம் எழுதிய கடிதம் மூன்று அலுவலகம் சுற்றி, எட்டு மாதம் கழித்து எழுதியவர்களிடமே திரும்பி வந்தது. அதனால் இதை மனதில் வைத்திருங்கள். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழி அனுமதிப்பத்திரமும் நேர அட்டவணையும் வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் வேலை. வவுனியாவைத் தாண்டி அநுராதபுரம், கொழும்பு என்று மாகாணம் கடந்து ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது 1991 இன் 37ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் மத்திய அரசின் இ.போ.ச., அதற்குப் பொறுப்பு உங்கள் பக்கத்துச் சாலையும் அதற்கு மேலே பிராந்திய அலுவலகமும். பாதை குண்டும் குழியுமாக இருப்பதால் பஸ் வரவில்லை என்றால், மாங்குளம் - முல்லைத்தீவு போன்ற பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது, இடைத்தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையவை, உங்கள் உள்வீதி பெரும்பாலும் பிரதேச சபையினுடையது. மாரியில் மதகுக்கு மேலால் தண்ணி பாய்ந்து பஸ் திரும்பிப் போகிறதென்றால், அந்த மதகு யாருடையது என்று தெரிந்துகொண்டு கூட்டத்துக்குப் போங்கள். ஆலோசனைக் குழுவின் பெரிய பயனே இதுதான்: இவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். "அது எங்களது இல்லை" என்று ஒருவர் சொன்னால், எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம்.

பயணியின் குரல் மேசையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வவுனியாவே சாட்சி. 2017 ஜனவரியில் புதிய பஸ் நிலையம் திறந்த பிறகு, இ.போ.ச.வும் தனியாரும் எங்கே தரிப்பது, யார் எந்த நேரத்தில் வெளிக்கிடுவது என்று இழுபறி நீண்டது. ஓட்டத்தில் இ.போ.ச.வுக்கு 60, தனியாருக்கு 40 என்ற பங்குக் கணக்கைப் பற்றி இரண்டு பக்கமும் கதைத்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் சொந்த நியாயம் இருந்தது. பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எந்த நிலையத்துக்கு ஓடுவது என்று தெரியாமல் நின்ற தாயின் நியாயத்தைச் சொல்லத்தான் அங்கே ஒரு கதிரை இருக்கவில்லை.

சாலை முகாமையாளரின் கோபத்துக்குப் பயப்படுகிறீர்கள். இந்தப் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். ஒரேயொரு பஸ் வருகிற ஊரில் அந்த பஸ்ஸின் சாரதியோடு பகைக்க யாருக்கும் துணிவு வராது. அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு நாள் சாலைக்குப் போய் முகாமையாளரைச் சந்தியுங்கள். இரண்டு பேராகப் போங்கள். முறைப்பாடாகப் போகாமல், "எங்கட பாதையில் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுப் போங்கள். பழைய பஸ், ரயர் இல்லை, சாரதி லீவு, யானை நிற்கிற பாதையில் இருட்டிய பிறகு ஓட நடத்துனர் பயப்படுகிறார் என்று உண்மையான காரணங்கள் வரும். நெடுங்கேணிப் பக்கத்து ஆட்களுக்கு அந்த யானைப் பயம் தெரியும். அந்தக் காரணங்களையும் உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள்: "சாலைக்கு ஒரு பஸ் கூடுதலாக வேண்டும் என்று இந்தக் குழு மேலே எழுத வேண்டும்." அந்த நிமிடத்திலிருந்து முகாமையாளர் உங்கள் எதிராளி இல்லை. ஒருபோதும் சாரதியின் பெயரைச் சொல்லாதீர்கள். நாளையும் நேரத்தையும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளிடம் யாராவது அத்துமீறினால் அது வேறு சங்கதி. அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம், அதைக் கூட்டத்துக்கு என்று வைத்திருக்காமல் உடனே பொலிஸிலும் 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்திலும் சொல்ல வேண்டும்.

நியமனக் கடிதம் வரும்போது அவசரப்பட்டு நன்றிக் கடிதம் எழுதிவிடாதீர்கள். வாசியுங்கள். எவ்வளவு காலத்துக்கு நியமனம், கூட்டம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, நிகழ்ச்சி நிரலில் விடயம் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டா, கூட்டறிக்கை எத்தனை நாளில் கையில் வரும், போக்குவரத்துச் செலவு கிடைக்குமா, உங்களுக்கு இயலாத நாளில் பதிலாள் வரலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பணிவாக எழுதிக் கேளுங்கள். இதில் எனக்கு முதன்மையாகத் தெரிவது நிகழ்ச்சி நிரல். அதில் விடயம் சேர்க்க முடியாத பிரதிநிதி மற்றவர் கேட்கும் கேள்விக்குத் தலையாட்ட மட்டும்தான் இருப்பார். கூட்டறிக்கை தமிழில் வரவேண்டும் என்பதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ், அது அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மேலிடத்திலிருந்து சிங்களத்தில் வந்த கடிதத்தைக் காட்டி "இதில் இருக்கு" என்று சொன்னால், தமிழ்ப் பிரதி வந்த பிறகு கதைப்போம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. நியூயோர்க்கில் 1981இல் மாநிலச் சட்டத்தாலேயே பயணிகள் ஆலோசனைக் குழுவை உண்டாக்கினார்கள். அதன் கீழ் இரண்டு புறநகர் ரயில் பாதைகளுக்கும் நகரப் போக்குவரத்துக்கும் தனித்தனிச் சபைகள். அந்தந்தப் பகுதியில் தெரிவான உள்ளூர்த் தலைவர்கள் பெயர்களைச் சிபாரிசு செய்ய, மாநில ஆளுநர் நியமிப்பார். லண்டனிலும் பயணிகளுக்காகப் பேசச் சட்டத்தால் வந்த அமைப்பு உண்டு. இந்திய ரயில்வேயில் மண்டலங்களுக்கும் கோட்டங்களுக்கும் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. இவற்றிலிருந்து நமக்கு எடுக்கக்கூடியது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நியூயோர்க்குக் குழு ஒரு அதிகாரியின் நல்ல மனதில் தங்கியிருக்கவில்லை, சட்டத்தில் எழுதப்பட்டது. உங்கள் குழு சுற்றுநிருபமோ கூட்டத் தீர்மானமோ கொண்டு அமைந்ததாக இருந்தால், அதிகாரி மாறிப் போனதும் கலைந்துவிடலாம். அந்தத் தீர்மானத்தின் பிரதி ஒன்றை இப்போதே கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

தெரிவுக் கூட்டத்தை எப்படி வைப்பது? நாலு கிராமத்துக்கும் பொதுவான இடத்தில், பொதுநோக்கு மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ, பின்னேரம் வையுங்கள். காலையில் வைத்தால் கூலி வேலைக்கும் வயலுக்கும் போகிறவர்கள் வரமாட்டார்கள், அவர்களும் பஸ்ஸில் போகிறவர்கள்தான். அறிவித்தலைக் கோயிலிலும் கூட்டுறவுக் கடையிலும் ஒட்டுவதோடு தரிப்பிடத்திலும் ஒட்டுங்கள். கூட்டம் தொடங்கியதும் "போன கிழமை பஸ்ஸில் போனவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று கேளுங்கள். யார் யார் உயர்த்துகிறார்கள் என்று எல்லோருமே பார்க்கட்டும். அநேகமாகப் பெண்களும் பிள்ளைகளும் கிளினிக்குக்குப் போகிற வயதானவர்களும்தான். அதற்குப் பிறகு பெயர் கேட்டால் வான்காரரின் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள். ஒருவரையும் ஒரு பதிலாளையும் தெரிந்து, கூட்டக் குறிப்பில் வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்து, அந்தப் பிரதியையும் சேர்த்துப் பெயரை அனுப்புங்கள். "யாரோ சிலர் சொன்ன பெயர்" என்று பிறகு ஒருவரும் சொல்ல முடியாது.

பதிலாளாக, நடமாட முடியாத, அல்லது செயற்கைக் கால் போட்டிருக்கிற ஒருவரைத் தெரிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். போருக்குப் பிறகு நம்முடைய எந்த ஊரிலும் அப்படி ஒருவராவது இல்லாமல் இல்லை. பஸ் படி எவ்வளவு உயரம் என்று மற்றவர் சொல்வதற்கும், ஒவ்வொரு மாதமும் கிளினிக்குக்குப் போக அந்தப் படியில் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருக்கிற ஒருவரே சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 1996 இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. அந்தச் சட்டத்தை மேசையில் வைத்துப் பேச அவரை விடப் பொருத்தமான ஆள் இல்லை.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் ஒரு நாள் தரிப்பிடத்தில் நின்று கேளுங்கள், கூட்டம் முடிந்த கிழமைக்குள் என்ன கேட்டோம், என்ன பதில், யார் எப்போது செய்வதாகச் சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி அதே தரிப்பிடத்தில் ஒட்டுங்கள். அதிகாரிகளும் அந்தப் பாதையால்தான் போய் வருவார்கள், தங்கள் வாக்கை அவர்களும் வாசிப்பார்கள்.

குழு கூடாமல் போனால், அல்லது கூடியும் ஒன்றும் அசையாமல் போனால் வேறு வழிகளும் இருக்கின்றன. 2016 இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பாதையின் அங்கீகரிக்கப்பட்ட நேர அட்டவணையையும் கடந்த மூன்று மாத ஓட்டப் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அந்தப் பதிவைக் கொப்பியோடு ஒப்பிட்டு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் வைக்கச் சொல்லுங்கள். பிரதேச சபைக்கு 2025 மே மாதம் தெரிவான உறுப்பினர் உங்கள் பக்கத்திலும் இருப்பார். 1987 இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையின் குழுக்களில் ஊர்வாசிகளையும் சேர்க்க இடம் தருகிறது, போக்குவரத்துக்கு அப்படி ஒரு குழு போடும்படி அவரிடம் கேட்கலாம். நாளாந்த முறைப்பாட்டுக்கு இ.போ.ச.வின் 1958, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கங்கள் இருக்கின்றன. அழைத்த நாளையும் நேரத்தையும் கொப்பியில் எழுத மறக்காதீர்கள்.

ஒரு விசயம் மிஞ்சியிருக்கிறது. கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு முல்லைத்தீவில் வைப்பார்கள். உங்கள் ஊர்க் காலை பஸ் சந்திக்கு வந்து, அங்கே அடுத்த பஸ்ஸைப் பிடித்து நீங்கள் போய்ச் சேர ஒன்பதரை தாண்டிவிடும். ஓட்டோ பிடித்துப் போகாதீர்கள், வான்காரரோடும் போகாதீர்கள். பஸ்ஸிலேயே போங்கள், பிந்திப் போங்கள். உள்ளே போனதும், எத்தனை மணிக்குத் தரிப்பிடத்துக்கு வந்தீர்கள், பஸ் எத்தனை மணிக்கு வந்தது, சந்தியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கொப்பியைத் திறந்து வாசியுங்கள். பிறகு, அடுத்த கூட்டத்தைப் பதினொரு மணிக்கு வைக்கும்படி கேளுங்கள், அதைக் கூட்டறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.